தலைமுறைகளை எழுதுதல்: குடும்ப வரலாறும் சபைப் பதிவேடுகளும்

பாபிலோனிய சிறையிருப்பினின்று எருசலேமுக்குத் திரும்பியவர்களின் நீண்ட அட்டவணையை எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். அதன் பிற்பகுதியில் ஆசாரிய வழியினரென்று தங்களைக் கூறிக்கொண்ட மூன்று குடும்பத்தாரைப்பற்றிய குறிப்பு வருகிறது. அவர்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அது அகப்படவில்லை. ஆகவே ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டார்கள். அம்மூவருள் பர்சிலாயின் குடும்பத்தார், மனைவி வழியில் வந்த பெயரைத் தமக்குத் தரித்துக்கொண்டவர்கள் என்பதையும் ஆசிரியர் மறவாமல் குறிக்கிறார் (எஸ்றா 2:61–63). ஏடு இல்லை, எனவே இடமும் இல்லை என்றாயிற்று.

தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் குடும்பங்கள் பலவும் ஏறத்தாழ இந்நிலையிலேயே இருக்கின்றன. பாட்டனாரின் பெயரை அறிவோம்; பூட்டனாரின் பெயரைச் சிலர் அறிவர்; அதற்கப்பால் இருள். பெண்வழியிலோ அவ்விருள் ஒரு தலைமுறை முன்னதாகவே சூழ்ந்துவிடுகிறது. குடும்ப வரலாற்றை ஆராய்ந்து எழுத விரும்பும் ஒருவர் எவ்வாறு தொடங்கலாம், அப்பணியில் எவற்றைக் கருத்திற்கொள்ளவேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நமது பதிவேடுகள் யாரைக் குறித்தன, யாரை விட்டன என்னும் கேள்வி இதனுள் அடங்கியிருப்பதால், இது ஓய்வுநேர வேலை மட்டுமன்று; திருச்சபையின் நினைவைப்பற்றிய காரியமுமாகும்.

1. நமது தலைமுறை எங்கே தொடங்குகிறது?

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அடுத்த ஆண்டு மே 12-ஆம் நாள் முதல் திருமுழுக்கு நடைபெற்றது. அன்று திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் ஊழியஞ்செய்த அடிமைகள். தமிழகத்துச் சீர்திருத்தச் சபையின் முதற்கனிகள் அவர்களே. எனினும் நம் குடும்பப் பெரியோர் முன்னோரைப்பற்றிப் பேசும்போது, நிலமும் பட்டமும் பெற்ற ஒருவரே பெரும்பாலும் நினைவிற்கு வருகிறார். அடிமையை மூதாதையாக நினைவுகூர்வார் அரியர்.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தையும் நோக்குவோம். தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண்ணாகிய குளோரிந்தா அம்மையார், 1778-இல் சுவார்ட்சு ஐயரால் திருமுழுக்குப் பெற்றார். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவில் நாற்பது பேரின் பெயர்கள் காணப்படுகின்றன. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் தொடக்க வரலாற்று நூலின் வாயிலாக இச்செய்தி பலரும் அறிந்ததாயிற்று. பின்னாளில் இலட்சக்கணக்கானோராய்ப் பெருகிய ஒரு சமுதாயத்தின் தொடக்கம் ஒரு சிறு பெயர்ப்பட்டியலுக்குள் அடங்கியிருந்தது என்பது வியப்புக்குரியது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பதிவேட்டில் எழுதப்பட்ட நாளன்று யாரும் பிறந்துவிடவில்லை. வேதமாணிக்கம், ஞானமுத்து, மாசிலாமணி என்னும் புதுப்பெயரைப் பெற்றவருக்கு அதற்குமுன் வேறொரு பெயர் இருந்தது. தாய் தந்தையர் இருந்தனர். குலதெய்வமும் ஊரும் தொழிலும் இருந்தன. திருமுழுக்குப் பதிவு ஒரு வாயில். அதன் இருபுறமும் குடும்பம் உண்டு. வாயிலுக்கு இப்புறத்தை மட்டும் எழுதுவது பாதி வரலாறு.

2. வீட்டிலிருந்து தொடங்குக

தொடங்குபவர் பலர் நேரே பழம்பெரும் முன்னோரைத் தேடிச் செல்வர். அது தவறான வழி. தம்மிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு படியாகச் செல்லவேண்டும். ஒரு படி உறுதிப்படாமல் அடுத்த படியில் கால்வைத்தலாகாது. தமது பிறப்பு, திருமுழுக்கு, திடப்படுத்தல், திருமணம் ஆகியவற்றின் நாளையும் இடத்தையும் முதலில் எழுதுக. பின்னர் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், பூட்டன் பூட்டியர் எண்மர் என விரித்துச் செல்க. எண்மருள் எத்தனை பெயரை நாம் அறிவோம் எனச் சோதித்துப் பார்த்தாலே நமது அறியாமையின் அளவு விளங்கும்.

இங்கே நம் நாட்டுக்குரிய சிக்கலொன்று உண்டு. தாய்மாமன் மகளை மணக்கும் முறை பரவியிருந்ததால், ஒருவருக்கு எண்மராக இருக்கவேண்டிய பூட்டன் பூட்டியர் அறுவராகக் குறைவர். அக்காள் மகளை மணந்த குடும்பத்திலோ, ஒரே தம்பதியர் ஒரு வழியில் பாட்டன் பாட்டியராகவும், மற்றொரு வழியில் பூட்டன் பூட்டியராகவும் நிற்பர். மேனாட்டார் அச்சிட்டு வழங்கும் படிவங்களில் இவ்வுறவுகள் எளிதில் அடங்கா. ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்தாளும் ஓர் எண்ணும் கொடுத்து, உறவை அவ்வெண்களாற் குறித்தல் நலம்.

பெயரும் நமக்கு உதவுவதுபோலவே நம்மை மயக்கவும் செய்யும். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். தலைமகனின் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை இடும் வழக்கத்தால், ஒன்றுவிட்ட ஒரு தலைமுறையில் அதே பெயர் மீண்டும் வரும். மூதாதையின் பெயரை ஊகிக்க இது துணைசெய்யும். அதே வேளையில், அண்ணன் தம்பியர் நால்வரும் தத்தம் மகனுக்கு ஒரே பெயரையிட்டிருப்பின், ஒருவரை மற்றவராகக் கருதும் பிழையும் நேரும். மேலும், நம்மிடையே தந்தை பெயரின் தலையெழுத்து மாறிக்கொண்டே வருதலால், நிலையான குடும்பப்பெயரைக்கொண்டு தேடும் முறை இங்குப் பெரும்பாலும் பயன்படாது. ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயருமே நமக்கு வழிகாட்டிகள்.

முதியோரை அணுகும்போது பொறுமை வேண்டும். ‘நீங்கள் எந்த ஆண்டு பிறந்தீர்கள்?’ என்று கேட்டால் பலரும் விடையளியார். ‘உங்கள் திருமணத்தின்போது உபதேசியாராக இருந்தவர் யார்? தனுஷ்கோடியை அழித்த 1964-ஆம் ஆண்டுப் புயலின்போது உங்கள் மூத்த மகள் நடந்தாளா, தவழ்ந்தாளா?’ என்று கேட்டால் விடை கிடைக்கும். கேட்டதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் அடியிற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அடுத்த விடுமுறைக்குக் கேட்கலாம் என்று தள்ளிவைத்த கேள்விகளை அடக்க ஆராதனையில் நினைத்து வருந்தியவர் நம்மில் அநேகர்.

வீட்டிலுள்ள பொருள்களும் சாட்சிகளே. குடும்ப வேதாகமத்தின் முதல் ஏட்டில் எழுதப்பட்ட பிறப்பிறப்புக் குறிப்புகள், பழைய கடிதங்கள், திருமண அழைப்பிதழ்கள், பள்ளிச் சான்றிதழ்கள், நிலப் பத்திரங்கள், கல்லறை எழுத்துகள் ஆகிய அனைத்தையும் படியெடுத்துக்கொள்ளவேண்டும். பள்ளிச் சான்றிதழிலுள்ள பிறந்தநாளை மட்டும் ஆராயாமல் ஏற்கலாகாது. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச்செய்து வயதை மதிப்பிட்ட காலத்தில், ஆசிரியர் வசதிக்கேற்ப எழுதிய நாள்கள் அநேகம்.

3. காலக் கணக்கு

பழைய ஆவணங்களில் கிறிஸ்து ஆண்டு எப்போதும் வருவதில்லை. அறுபதாண்டுச் சுற்றின் பெயரோ, தென்மாவட்டங்களில் கொல்லம் ஆண்டோ, வருவாய்த்துறைக் கணக்கில் பசலி ஆண்டோ வரும். கொல்லம் ஆண்டின் தொடக்கம் ஆவணி; டிசம்பர் வரையுள்ள மாதங்களுக்கு 824-ஐயும் அதன்பின் 825-ஐயும் கூட்டக் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். ஜூலையில் தொடங்கும் பசலிக்கு, டிசம்பர் வரை 590-ஐயும் பின்னர் 591-ஐயும் கூட்டவேண்டும். ஆகவே தாது ஆண்டு மார்கழி, கொல்லம் 1052, பசலி 1286 என்னும் மூன்றும் 1876-ஆம் ஆண்டு டிசம்பரையே குறிக்கும். ஆண்டின் பெயர் மட்டும் தனித்து நின்றால் ஐயம் எழும். தாது ஆண்டு 1936-இலும் வந்தது. ‘தாது வருஷத்தில் வேதத்துக்கு வந்தோம்’ என்று குடும்பத்தார் கூறுவாராயின், அது 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின் காலமா, அறுபதாண்டு பிந்தியதா என்பதைத் தலைமுறைகளை எண்ணித் தீர்மானிக்கவேண்டும்.

4. சபைப் பதிவேட்டைப் படிக்கும் முறை

திருமுழுக்கு, திடப்படுத்தல், விவாகம், அடக்கம் ஆகிய நான்கு பதிவேடுகளும் சபைக் குடும்ப ஜாபிதாவும் நமது தலையாய சான்றுகள். சேகர ஆயரின் அனுமதியுடன், அவர் முன்னிலையில், இவற்றைப் பார்வையிடலாம். நமக்குரிய ஒரு வரியைக் கண்டவுடன் ஏட்டை மூடிவிடுதல் பெரும்பிழை. முன்னும் பின்னும் சில ஆண்டுகளுக்குரிய பதிவுகளையும், அவற்றின் எல்லாக் கட்டங்களையும் வாசிக்கவேண்டும். இதனை நான் பட்டறிந்து கற்றேன்.

என் தந்தைவழிப் பாட்டியாரை ஊரார் ‘உபதேசியாரம்மாள்’ என்றே அழைத்தனராம். என் தந்தையார் கைக்குழந்தையாய் இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். என் தந்தையாருக்கும் தம் தாயின் பெயர் தெரியாது. கேட்டுச் சொல்ல அக்காலத்தில் யாரும் இருந்திலர். தந்தையாரின் திருமுழுக்குப் பதிவு அடங்கிய ஏட்டைக் கறையான் அரித்துவிட்டது. அடக்கப் பதிவேட்டில் ‘உபதேசியார் மனைவி’ என்று மட்டும் இருந்தது. பெயர் எழுதவேண்டிய கட்டத்திலேயே அவ்வாறு எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, அதே சேகரத்தின் எஞ்சிய திருமுழுக்கு ஏடொன்றை வேறொரு காரியத்துக்காகப் புரட்டினேன். மற்றொரு குடும்பத்துக் குழந்தையின் பதிவில், ஞானத்தாய் என்னும் கட்டத்தில், ஒரு பெண்ணின் பெயரும் அதனருகே ‘உபதேசியார் மனைவி’ என்ற சொற்களும் இருந்தன. அவ்வேட்டில் மூன்று இடங்களில் அப்பெயரைக் கண்டேன். உபதேசியார் இருமுறை மணந்தாரோ என்னும் ஐயத்தால் உடனே நான் அதை ஏற்கவில்லை. ஒரு பதிவில் குறித்திருந்த அவருடைய பிறந்த ஊரைக்கொண்டு அவ்வூர்ச் சபையின் விவாகப் பதிவேட்டைத் தேடினேன். மணமகள் பெயர், அவளுடைய தகப்பனார் பெயர், மணமகனாகிய என் பாட்டனார் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. அன்று என் தந்தையார் உயிரோடில்லை.

தம் சொந்த அடக்கப் பதிவில் பெயரற்றிருந்தவர், பிறர் பிள்ளைகளைத் திருமுழுக்குத் தொட்டியருகே ஏந்தி நின்றதால் பெயரோடு நிலைத்திருந்தார். ஞானப்பெற்றோர், சாட்சிகள், கையொப்பமிட்டோர் ஆகியோருக்குரிய கட்டங்களை ஒருநாளும் விட்டுவிடலாகாது என்பதற்கு இதுவே என் சான்று.

5. சபைக்கு வெளியே

விவாகப் பதிவின் நகல் அரசின் பதிவு அலுவலருக்கு அனுப்பப்படவேண்டுமென்று 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் விதித்தது. ஆகவே சபையில் அழிந்த பதிவு அரசு அலுவலகத்தில் எஞ்சியிருக்கக்கூடும். நிலம் இருந்த குடும்பத்தார், கிராமக் கணக்குகளாகிய ‘அ’ பதிவேடு, சிட்டா முதலியவற்றையும், பதிவலுவலகத்திலுள்ள பத்திரங்களையும் நாடலாம். சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் ஆவணக்காப்பகத்தில் பழைய வருவாய்த்துறை ஏடுகள் உள்ளன. நிலமற்றவர்க்கு இவற்றால் பயன் குறைவு; அன்னாருக்குச் சபைப் பதிவேடே பல வேளைகளில் ஒரே சான்று.

முதலூர் 1799-இல் கிறிஸ்தவக் குடியிருப்பாகத் தோன்றியது. அதன்பின் அதுபோன்ற ஊர்கள் பல எழுந்தன. அங்குக் குடியேறியோரின் பூர்வ ஊர் வேறாகும். வேறு சிலர் கடல் கடந்தனர். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோர் தொகை 1,52,184. அக்கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டுள்ளன. ‘எங்கோ போய்விட்டார்’ என்று வீட்டார் கைவிட்ட ஒருவரை அங்கே காணக்கூடும். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரிடையே 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனும் ஊழியஞ்செய்தது.

உபதேசியார், ஆசிரியர், வேதாகமப் பெண்கள் முதலியோரின் பெயர்கள் மிஷனெரிகளின் கடிதங்களிலும் ஆண்டறிக்கைகளிலும் உள்ளன. தரங்கம்பாடி மிஷனின் ஏடுகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலும், சி.எம்.எஸ். ஏடுகள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஏடுகள் ஆக்ஸ்போர்டிலும், இலண்டன் மிஷன் ஏடுகள் இலண்டனிலுள்ள கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுப்பள்ளியிலும், அமெரிக்க மதுரை மிஷன் ஏடுகள் ஹார்வர்டிலும் காக்கப்படுகின்றன. தம் குடும்பம் எந்த மிஷனைச் சேர்ந்தது என்றறிந்தபின்னரே அவற்றை நாடவேண்டும்.

6. சான்றுகள் முரண்படும்போது

இரு சான்றுகள் ஒவ்வாதபோது ஒன்றை அழித்து மற்றொன்றை வைத்துக்கொள்ளும் ஆவல் எழும். இங்கே வேதாகமம் நமக்கு ஒரு நல்ல பாடத்தைக் கற்பிக்கிறது. யோசேப்பின் தகப்பன் யாக்கோபு என்று மத்தேயுவும், ஏலி என்று லூக்காவும் எழுதினர். ஒருவர் தாவீதின் மகன் சாலொமோன் வழியாகவும், மற்றவர் நாத்தான் வழியாகவும் வம்சத்தைக் கூறுகின்றனர். திருச்சபை இரண்டையும் அருகருகே வைத்துக் காத்தது. பதினான்கு தலைமுறை என்னும் கணக்குக்குள் சில அரசர்களை மத்தேயு விட்டுச்செல்கிறார் என்பதையும் இராஜாக்களின் புத்தகங்களோடு ஒப்பிட்டு அறியலாம். பதிவேடு ஒன்று கூற, பாட்டியார் வேறொன்று கூறினால், இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்துவைத்தல் நேர்மை. தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விடுக. ஊகத்தால் நிரப்பிய பெயர், அடுத்த தலைமுறையில் உண்மையென நிலைபெற்றுவிடும்.

7. மறைக்கத் தோன்றும் செய்திகள்

வரலாற்றை எழுதுவோர் எல்லோரும் ஓரிடத்தில் தயங்கி நிற்பர். பதிவேட்டில் சாதி எழுதப்பட்டிருக்கும்; அல்லது பஞ்சகாலத்தில் கஞ்சித்தொட்டியருகே தொடங்கிய திருமுழுக்காக இருக்கும்; அல்லது தகப்பன் பெயரற்ற பிள்ளையின் பதிவாக இருக்கும். சாதி வேறுபாடு சபையினின்று ஒழியவேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சை முதலிய இடங்களில் அநேகர் சபையைவிட்டுப் பிரிந்தனர். அவர்களும் நம் முன்னோரே. ஒரே பந்தியில் அமரமாட்டோம் என்றவரும், பின்வரிசையில் அமர்த்தப்பட்டவரும் ஒரே பதிவேட்டில் இருக்கின்றனர். சாதியை மறைத்து எழுதினால் இழைத்த அநீதியும் பட்ட துன்பமும் சேர்ந்தே மறையும். அதனைப் பாராட்டி எழுதினாலோ, முடிவில்லா வம்ச வரலாறுகளை விலக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட எச்சரிப்புக்கு (1 தீமோத்தேயு 1:4) நாமே இலக்காவோம்.

மத்தேயு தம் அட்டவணையில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகிய நால்வரையும் எழுதினார். குடும்பத்தார் மறைக்க விரும்பியிருக்கக்கூடிய கதைகள் அவை. அவற்றை விட்டிருந்தால் அட்டவணை குறைபட்டிருக்காது என்று எண்ணுவோர் இருக்கலாம். சுவிசேஷகர் அவ்வாறு எண்ணவில்லை. ஆயினும், உயிரோடிருப்போரைப் புண்படுத்தும் செய்திகளை எழுதிவைப்பது வேறு, வெளியிடுவது வேறு. முன்னதைத் தயங்காமல் செய்க. பின்னதற்கு உரியவரின் இசைவைப் பெறுக.

8. ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சேகர அலமாரியிலுள்ள பழைய ஏடுகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாக அழிகின்றன. அவற்றைச் சுவரைத் தொடாமல், தரைக்கு மேலே, உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், ஞெகிழித் தாளினுள் சூடேற்றி அடைப்பதும் பின்னால் தீராத கேட்டை விளைவிக்கும். இன்று கைப்பேசியாலேயே ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து, மூன்று வெவ்வேறிடங்களில் சேமிக்க இயலும். வாலிபர் சங்கத்தார் சில நாள்களில் செய்துமுடிக்கக்கூடிய பணி இது. திடப்படுத்தல் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் எட்டுப் பூட்டன் பூட்டியரின் பெயரைத் தேடி எழுதிவரச் செய்தால், ஊரின் முதியோரும் பேச ஒரு வாய்ப்புப் பெறுவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று நாம் எழுதும் பதிவில் பெயர்க் கட்டத்தில் பெயரை எழுதுவோமாக. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்பவை உறவைக் கூறும், ஆளைக் கூறா. ஆண்டவர் தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கிறார் என்று பிரசங்கிக்கும் நாம், அடக்கப் பதிவேட்டில் ஒருவரைப் பெயரின்றி விட்டுவிடலாமா?

என் பேத்திக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, அந்த விவாகப் பதிவேட்டில் கண்ட பெயரையே அவளுக்கு இட்டோம். பேத்தி என்பதும் பெயர்த்தி என்பதன் திரிபே. ஆயர் அப்பெயரைப் பதிவேட்டில் எழுதும்வரை நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.